காது உடைந்தால்தான் பயில்வானா? மல்யுத்தம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு!

மல்யுத்த வீரர் ஒருவரின் புகைப்படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, கழுத்தில் தொங்கும் பதக்கத்தோடு காதையும் கொஞ்சம் கவனியுங்கள். பலருக்குக் காது மடல் நம்முடையதைப் போல இருக்காது. மடிப்புகள் மறைந்து, தடித்து, முண்டு முண்டாகச் சுருங்கியிருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'காலிஃபிளவர் காது' என்று பெயர். ஜப்பானில் 'கியோசா காது' என்கிறார்கள். கியோசா என்பது நம் சோமாசியைப் போல மாவை மடித்துச் செய்யும் பண்டம்.

இது பிறவியில் வந்ததல்ல. பயிற்சியில் பட்ட அடி, உரிய நேரத்தில் வைத்தியம் பார்க்காததால் அப்படியே நின்றுபோன வடு. பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. உரிய காதுக் கவசத்தை அணிந்தால் வாய்ப்பு குறையும். வீக்கம் வந்த முதல் சில நாள்களுக்குள் மருத்துவரிடம் போனால் காதின் உருவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

2008 பெய்ஜிங் முதல் 2024 பாரிஸ் வரை, நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்தியா மல்யுத்தத்தில் ஒரு பதக்கமாவது வென்றிருக்கிறது. 2016-ல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு 'தங்கல்' படமும் வந்தது. மகனோடு மகளையும் மல்யுத்தத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் இன்று பல மாநிலங்களில் இருக்கின்றன. நம்ம ஊரிலும் ஜூடோ, ஜூ-ஜிட்சு, எம்.எம்.ஏ வகுப்புகளுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். கட்டிப்பிடித்து உருளும் எல்லா விளையாட்டுகளிலும் இந்தக் காயம் உண்டு. அதனால் இதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

காது மடலைத் தொட்டுப் பாருங்கள். கீழே கம்மல் போடும் பகுதி மெத்தென்று சதையாக இருக்கும். அதற்கு மேலே முழுக்க வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பு. இந்தக் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையில் இருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது.

மல்யுத்தத்தில் எதிராளியின் காலைப் பிடிக்கப் பாயும்போது வீரரின் தலை அவர் தொடையிலும் இடுப்பிலும் உரசும். நின்றபடி பிடி போடும்போது தலையும் தலையும் மோதும். கழுத்தைக் கைக்குள் இறுக்கும்போது காது நசுங்கும். இப்படிப் பக்கவாட்டில் இழுபடும்போது, அந்த மெல்லிய உறை குருத்தெலும்பில் இருந்து பிரிந்துவிடும். இடையில் ரத்தம் கசிந்து தேங்கும்.

மழைக்காலத்தில் சுவருக்குள் ஈரம் இறங்கினால் பெயின்ட் உப்பிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அதுபோலத்தான். உறை விலகியதும் குருத்தெலும்புக்கு ஊட்டம் நின்றுபோகிறது. தேங்கிய ரத்தத்தை அப்படியே விட்டுவிட்டால், குருத்தெலும்பின் சில பகுதிகள் செத்துப்போய், அந்த இடத்தில் புதிதாகத் தாறுமாறான கெட்டித் திசு வளர ஆரம்பிக்கும். அதுதான் காலிஃபிளவர் காது.

பெரிய அடி பட்டால்தான் இப்படி ஆகும் என்றில்லை. சின்னச் சின்ன உரசல்கள் தினமும் தொடர்ந்தாலும் போதும். அதனால்தான் போட்டி நாளைவிடப் பயிற்சி நாள்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஒரு போட்டி சில நிமிடங்களில் முடிந்துவிடும். பயிற்சியோ வருடம் முழுக்க, மணிக்கணக்கில் நடக்கிறது.

வெறும் அழகுப் பிரச்னையா?

'காது எப்படி இருந்தால் என்ன, கேட்டால் போதாதா?' என்று சிலர் நினைக்கலாம். மடல் தடித்துச் சுருங்கும்போது காது துவாரமும் குறுகலாம். அழுக்கும் ஈரமும் உள்ளே தங்கித் தொற்று வரலாம். இயர்போன் பொருந்தாது. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதில் சரியாக உட்காராது. வயதான காலத்தில் காது கேட்கும் கருவி தேவைப்பட்டால் அதைப் பொருத்துவதும் சிரமம். ஈரானில் மல்யுத்த வீரர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், காது உடைந்தவர்களிடம் கேட்கும் திறன் குறைவு பற்றிய புகார் மற்றவர்களைவிட அதிகம் இருந்தது.

கெட்டிப்பட்ட காதைப் பிறகு அறுவை சிகிச்சையால் சீராக்க முடியும் என்றாலும் அது எளிதல்ல. பழைய உருவம் அப்படியே திரும்பிவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை. தொடர்ந்து விளையாடுகிறவருக்குச் சீராக்கிய காதே மறுபடி அடிபடலாம்.

மரியாதைச் சின்னமான காயம்

இவ்வளவு தெரிந்தும் ஏன் இது நிற்கவில்லை? பல ஊர்களில் உடைந்த காதுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஹரியானா, டெல்லி, மகாராஷ்டிராவின் கோலாப்பூர் போன்ற இடங்களில் மல்யுத்தம் பழகும் களத்துக்கு 'அகாடா' (மகாராஷ்டிராவில் 'தாலீம்') என்று பெயர். மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து பதப்படுத்திய மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பயில்வான்கள் உருவான இடங்கள் இவை. அங்கே காது உடைந்தவர் என்றால், பல வருடம் மண்ணில் புரண்டவர் என்று பொருள்.

நாம் சொல்லும் 'பயில்வான்' என்ற சொல்லே பாரசீகத்தின் 'பஹ்லவான்' என்பதில் இருந்து வந்ததுதான். அந்தப் பாரசீக மொழி பேசும் ஈரானில் மல்யுத்த வீரரை 'உடைந்த காதுக்காரர்' என்றே குறிப்பிடும் வழக்கம் உண்டு. அது திட்டு அல்ல, பாராட்டு.

இந்தக் காயத்தின் வரலாறு இன்னும் பழசு. 1885-ல் ரோம் நகரில் தோண்டி எடுக்கப்பட்ட வெண்கலச் சிலை ஒன்றில், சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரரின் வீங்கிய காதுகளைச் சிற்பி நுணுக்கமாக வடித்திருக்கிறார். பண்டைய கிரேக்கர்களிடம் காதுக் கவசமும் இருந்தது. பிளேட்டோவின் மாணவரான செனோக்ரட்டீஸ், 'காதுக் கவசத்தை வீரர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் மாட்ட வேண்டும். வீரர்களுக்கு அடியால் காதுதான் கெடுகிறது. குழந்தைகளுக்குக் கெட்ட பேச்சால் குணமே கெடுகிறது' என்ற பொருளில் சொன்னதாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது ஒழுக்கம் பற்றி. ஆனால் 12 வயதுப் பையனிடம் 'காது உடைந்தால்தான் நீ பயில்வான்' என்று பெரியவர்கள் சொல்லும் பேச்சுக்கும் அது பொருந்தத்தான் செய்கிறது.

வளர்ந்த வீரர் ஒருவர், விளைவு தெரிந்தே 'எனக்குக் கவசம் வேண்டாம்' என்று முடிவெடுப்பது அவர் விருப்பம். வாழ்நாள் முழுக்க உடம்பில் நிற்கப்போகும் மாற்றத்தை ஒரு சிறுவனோ சிறுமியோ சக மாணவர்களின் கேலிக்குப் பயந்து ஏற்றுக்கொள்வது வேறு.

கவசம் போட்டால் தப்பிக்கலாமா?

முழுவதுமாக இல்லை. ஆனால் கணிசமாக வாய்ப்பைக் குறைக்கலாம்.

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் 537 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1989-ல் வெளியானது. இன்றும் மருத்துவர்கள் இந்தத் துறையில் மேற்கோள் காட்டும் ஆய்வு அது. கவசம் அணியாதபோது காதில் ரத்தக்கட்டு வந்ததாகச் சொன்னவர்கள் 52 சதவிகிதம். அணிந்திருந்தபோதும் வந்ததாகச் சொன்னவர்கள் 26 சதவிகிதம். அதாவது, பாதியாகக் குறைந்திருக்கிறது. அதே ஆய்வில் 39 சதவிகிதம் பேருக்கு ஒரு காதிலாவது நிரந்தர உருமாற்றம் இருந்தது.

இன்னொரு விஷயமும் அதில் தெரியவந்தது. போட்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் கவசம் அணிந்தார்கள். பயிற்சியில் எப்போதும் அணிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விதி பார்த்துக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குக் காது பத்திரமாக இருந்தது. யாரும் கேட்காத நேரத்தில் உடைந்தது.

எங்கே கட்டாயம், எங்கே விருப்பம்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்த விதிகளில் காதுக் கவசம் கட்டாயம். அது இல்லாமல் மாணவர் மேட்டில் இறங்க முடியாது. அதனால் அங்கே பள்ளி வயதிலேயே ஷூ மாட்டுவது போல இதுவும் பழகிவிடுகிறது.

ஒலிம்பிக் பாணி மல்யுத்தத்தை நடத்தும் 'யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்' அமைப்பின் விதிகளில் கவசம் கட்டாயமில்லை. விரும்பினால் அணியலாம். ஆனால் அதில் உலோகமோ கெட்டியான ஓடோ இருக்கக் கூடாது. இந்தியாவில் பிள்ளைகள் பழகுவது பெரும்பாலும் இந்த ஒலிம்பிக் பாணியைத்தான். டி.வி-யில் அவர்கள் பார்க்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் கவசம் போடுவதில்லை. அப்படியிருக்க, 'நான் மட்டும் ஏன் போட வேண்டும்?' என்று கேட்பது இயல்புதான். 'கட்டாயமில்லை' என்றுதான் விதி சொல்கிறதே தவிர 'கூடாது' என்று சொல்லவில்லை. பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

பிள்ளைகள் ஏன் கழற்றிவிடுகிறார்கள்?

பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் கேட்க வேண்டும். நம் நாட்டு வெயிலில் கவசத்துக்குள் வியர்வை வழியும். பயிற்சியாளர் சொல்வது சரியாகக் கேட்காது. சரியாகப் பொருந்தாத கவசம் ஒவ்வொரு பிடியிலும் நகர்ந்து கண்ணை மறைக்கும். தாடைப் பட்டை உறுத்தும். எதிராளியின் விரல் பட்டையில் மாட்டும். இவற்றில் பல, அளவு சரியில்லாததால் வரும் பிரச்னைகள். மீதி, சில வாரங்களில் பழகிவிடும். ஆரம்பத்தில் இருந்தே போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது உடம்பின் ஒரு பகுதி மாதிரி. ஐந்து வருடம் கவசமில்லாமல் விளையாடிவிட்டு 16 வயதில் போடச் சொன்னால்தான் தொந்தரவாகத் தெரியும்.

வாங்கும்போதும் போடும்போதும்...

ஹெட்கியர் என்று கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் இந்தக் கவசத்தில் இரண்டு காதுகளையும் மூடும் கிண்ணம் போன்ற பகுதிகள் இருக்கும். உச்சந்தலை, பின்னந்தலை, தாடை வழியாகப் போகும் பட்டைகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

• காது முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும். மடங்கியோ, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டோ இருக்கக் கூடாது. மடங்கிய காதின் மேல் கவசத்தை இறுக்கினால் அதுவே காயப்படுத்தும்.

• போட்ட பிறகு தலையை நன்றாக ஆட்டச் சொல்லுங்கள். கையால் லேசாக இழுத்தும் பாருங்கள். நகர்ந்தால் பட்டைகளைச் சரிசெய்ய வேண்டும், அல்லது அளவு மாற்ற வேண்டும்.

• ஒலி கேட்க கிண்ணத்தில் துளைகள் உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

• ஒலிம்பிக் பாணியில் போட்டியிடும் பிள்ளைக்கு உலோகமும் கெட்டி ஓடும் இல்லாத, மெத்தென்ற வகைதான் வேண்டும். வாங்கும் முன் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• வளரும் வயது என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் தட்டையாகிவிட்டால் புதிது வாங்குங்கள்.

• ஒருவர் கவசத்தை இன்னொருவர் போடக் கூடாது. படர்தாமரை போன்ற தோல் தொற்றுகள் மல்யுத்தத்தில் சுலபமாகப் பரவும். பயிற்சி முடிந்ததும் கிருமிநாசினியால் துடைத்துக் காற்றாடக் காயவையுங்கள். வியர்வையோடு பையில் திணிக்க வேண்டாம்.

• கம்மல், தோடு, காதணி எதுவாக இருந்தாலும் களத்துக்குப் போகும் முன் கழற்ற வேண்டும். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, கடுக்கன் போடும் பையன்களுக்கும்தான்.

வீங்கிவிட்டதா? நாள்களை எண்ணுங்கள்

கவசம் போட்டும் அடிபடலாம். அப்போது என்ன செய்கிறோம் என்பதுதான் காதின் உருவத்தைத் தீர்மானிக்கும்.

காது மடலின் முன்பக்கம் மெத்தென்று உப்பி, மடிப்புகள் மறைந்து, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் ரத்தம் தேங்கியிருக்கலாம். தொட்டால் வலிக்கும், சூடாகவும் இருக்கும். உடனே பயிற்சியை நிறுத்திவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

அன்றோ மறுநாளோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஏழு நாள்களைத் தாண்டினால் ரத்தம் கெட்டிப்பட்டு, புதிய திசு வளர ஆரம்பித்துவிடும். பிறகு ஊசியால் எடுக்கக்கூடியதாக அது இருக்காது.

மருத்துவர் மரத்துப்போகும் மருந்து கொடுத்து, ஊசியாலோ சிறு கீறல் மூலமோ தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவார். அதோடு வேலை முடிவதில்லை. பிரிந்த உறை மறுபடி குருத்தெலும்போடு ஒட்ட வேண்டும். அதற்காகக் காதின் முன்னும் பின்னும் பஞ்சு உருளை போன்றவற்றை வைத்துத் தைத்து, சில நாள்கள் அழுத்தியே வைத்திருப்பார்கள். இந்த அழுத்தம் இல்லாவிட்டால் அதே இடத்தில் ரத்தம் மறுபடி சேரும். மறுநாள் வீக்கம் திரும்பினால் மறுபடி போக வேண்டும். சலித்துக்கொள்ளக் கூடாது.

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். 'ரத்தம் எடுத்தாச்சு, நாளைக்குப் போட்டி இருக்கு' என்று உடனே களத்தில் இறங்கினால் சிகிச்சை வீண். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஓய்வு, அதன் பிறகு கட்டாயம் கவசத்தோடு விளையாட்டு.

செய்யவே கூடாதது, சிரிஞ்சு வாங்கித் தாங்களே குத்தி ரத்தம் எடுப்பது. சில பயிற்சிக் கூடங்களில் சீனியர்கள் இதைச் செய்துவிடுவதுண்டு. குருத்தெலும்பில் கிருமி புகுந்தால் காதின் பெரும்பகுதியே கரைந்துபோகலாம். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ், ஹெச்.ஐ.வி போன்ற தொற்றுகளுக்கும் வழி. மஞ்சள் பற்று, எண்ணெய் நீவல் எதுவும் உள்ளே தேங்கிய ரத்தத்தை வெளியேற்றாது. நீவுவது உறையை இன்னும் பிரித்துவிடலாம்.

சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், சீழ், அதிகமாகும் வலி, காது முழுவதும் சிவப்பது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இது ஹெல்மெட் அல்ல!

தலையில் ஏதோ மாட்டியிருக்கிறான், இனி பயமில்லை என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது. மல்யுத்தக் கவசம் காதுக்கானது, மூளைக்கானது அல்ல. தூக்கிப் போடும்போது தலை மேட்டில் மோதினால் மூளை அதிர்ச்சி வருவதை இது தடுக்காது. மோதலுக்குப் பிறகு பிள்ளை குழம்பிப் பேசினாலோ, தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், மங்கலான பார்வை இருந்தாலோ, அன்று விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். காதில் வீக்கத்தோடு கேட்காமல் போவது, காதுக்குள் இருந்து ரத்தமோ நீரோ வருவது ஆகியவையும் அவசர அறிகுறிகள்தான்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கும் நாளில் கட்டணம், நேரம், உணவு பற்றி எல்லாம் கேட்கிறோம். அதோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியிலும் காதுக் கவசம் போட அனுமதி உண்டா? காது வீங்கினால் அன்றே வீட்டுக்குச் சொல்வீர்களா? வீக்கத்தோடு இருக்கும் பிள்ளையைக் களத்தில் இறக்காமல் உட்காரவைப்பீர்களா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்லும் பயிற்சியாளர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. முடிந்தால் அதே வகுப்பில் இருக்கும் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து பேசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கவசம் வாங்கிக் கொடுங்கள். ஒருவன் மட்டும் போட்டால் கேலி செய்வார்கள். எல்லோரும் போட்டால் அது யூனிஃபார்ம். பயிற்சி முடிந்து வந்ததும் இரவில் ஒரு நிமிடம் பிள்ளையின் இரண்டு காதுகளையும் தொட்டுப் பாருங்கள். வலிக்கிறது என்று அவர்களாகச் சொல்லமாட்டார்கள், சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடுவீர்களோ என்ற பயம் இருக்கும். நிறுத்தப்போவதில்லை, ஒரு வாரம் ஓய்வுதான் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.